பென்ரின் பிரபுவின் கணக்குப் புத்தகங்கள்: வேல்ஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள், திங்கள்

செஸ்டரில் ரயில் மாறியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள் என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தான். ஃப்ளின்ட் தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதன் பிறகு பேங்கர் வரை பெரும்பாலும் கூடவே வந்தது.

பேங்கர் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பென்ரின் குடும்பத்துக் காகிதங்கள் இருக்கின்றன. நிலப் பத்திரங்கள், குத்தகைச் சீட்டுகள், ஜமைக்கா கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள், கணக்குகள். அவற்றைப் பார்க்கத்தான் லிவர்பூலில் மகன் வீட்டிலிருந்து ஐந்து நாள் ஒதுக்கிக் கிளம்பியிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவள் நான். பழைய கணக்குப் புத்தகம் எங்கேயாவது இருக்கிறது என்று கேள்விப்பட்டால் கால் அந்தப் பக்கம்தான் போகும்.

"லீவுக்கு வந்த இடத்துல கணக்கு பாக்கவா போற?" என்று மகன் கேட்டான். ஆமாம் என்றேன். பையில் நாலு பென்சில் சீவிப் போட்டுக் கொடுத்தான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் பென்னன்ட். இந்த ஃப்ளின்ட் பக்கத்துக் குடும்பம்தான். முன்னோர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் ஜமைக்கா போய் நிலம் சேர்த்தார். ரிச்சர்டுக்கு அந்தக் கரும்புத் தோட்டங்கள் அப்பா வழியாக வந்தன. ஆன் சூசன்னா வார்பர்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டதில் பென்ரின் நிலத்தில் ஒரு பங்கு வந்தது, மீதியை விலைக்கு வாங்கினார். லிவர்பூலின் எம்.பி.யாக இருந்தார். 1783இல் பென்ரின் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. 1789இல் அடிமை வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் பேசியபோது, கூடாது என்று எதிர்த்துப் பேசியவர்களில் இவர் முக்கியமானவர்.

தங்குவது பேங்கரில் இல்லை. ஐந்து மைல் உள்ளே, மலையடிவாரத்தில் பெதஸ்தா என்ற ஊரில். பெதஸ்தா குளம் என்று வேதாகமத்தில் வருமே, அதே பெயர்தான். 1820இல் இங்கே கட்டிய தேவாலயத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள், பிறகு அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. விடுதி நடத்தும் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். எதற்கு வந்தேன் என்று கேட்டார். பென்ரின் காகிதங்கள் பார்க்க என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் தேநீர் போடப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், செவ்வாய்

வாசிப்பு அறைக்குப் பேனா கொண்டு போகக் கூடாது. பையை வெளியே பூட்டி வைத்துவிட்டு, பென்சிலும் நோட்டும் மட்டும் எடுத்துப் போக வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்ட கட்டுகள் மேஜைக்கு வந்தன. புத்தகத்தைச் சாய்த்து வைக்கப் பஞ்சு மெத்தை மாதிரி இரண்டு தாங்கிகள். பக்கம் புரளாமல் இருக்க, உள்ளே மணி கோத்துத் துணியால் மூடிய கனமான கயிறு. அதைக் காகிதத்தின் ஓரத்தில் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டால் தாள் அசையாது. எங்கள் வங்கியில் பழைய புத்தகங்களை மூலையில் அடுக்கிக் கரையானுக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

காகிதம் தடிமன். பழைய துணியைக் கூழாக்கிச் செய்தது, அதனால் இருநூறு வருடத்துக்குப் பிறகும் மடித்த இடத்தில் உடையவில்லை. மை பழுப்பு நிறத்தில் இருக்கிறது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. எழுதும்போது கறுப்பு, காலப்போக்கில் துருவின் நிறம். அழுத்தி எழுதிய சில இடங்களில் மை காகிதத்தையே அரித்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் எழுத்தே பிடிபடவில்லை. சொல்லின் நடுவில் வரும் எஸ், எஃப் மாதிரி நீண்டு நிற்கிறது. பிறகு கண் பழகிவிட்டது.

பென்னன்ட் தோட்டங்களின் உரிமையாளராக இருந்த காலத்தில் ஜமைக்கா பக்கம் போகவே இல்லை. எல்லாம் கடிதம்தான். அங்கே இருந்த முகவர் எழுதுவார், இவர் பதில் எழுதுவார். கடல் கடக்க வாரக்கணக்கில் ஆகும். யுத்தகாலத்தில் கப்பல் பிடிபட்டுவிடும் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரண்டு கப்பலில் அனுப்புவது அந்தக் காலத்து வியாபாரிகளின் வழக்கம். மழை பெய்ததா, கரும்பு எப்படி இருக்கிறது, எத்தனை பீப்பாய் சர்க்கரை, எத்தனை பீப்பாய் ரம், எந்தக் கப்பலில் ஏற்றியது. படிக்கப் படிக்க இது எனக்குத் தெரிந்த உலகம்தான் என்று பட்டது. கிளை மேலாளர் தலைமையகத்துக்கு எழுதும் மாதாந்திர அறிக்கையின் அதே பணிவு, பழியை வானத்தின் மேல் போடும் அதே பழக்கம்.

அப்புறம் பட்டியல்கள் வந்தன.

தோட்டத்து இருப்புப் பட்டியல். நான் எத்தனையோ இருப்புப் பட்டியல் சரிபார்த்திருக்கிறேன். உர மூட்டை, தராசு, மேஜை, நாற்காலி. இங்கே இருந்தவை மனிதர்களின் பெயர்கள். பெயருக்கு நேராக என்ன வேலை, உடல்நிலை எப்படி, மதிப்பு எவ்வளவு. வயலில் வெட்டுகிறவர், கொப்பரையில் பாகு காய்ச்சுகிறவர், பீப்பாய் செய்கிறவர், குழந்தை பார்த்துக்கொள்ளும் கிழவி. அப்பா பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை, ஒற்றைப் பெயர்தான். அதுவும் வாங்கியவன் வைத்த பெயர். இதே மாதிரி மாடுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் பட்டியல் உண்டு.

என்னை அறியாமல் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை இருந்தது. கை தானாகப் பென்சிலை எடுத்து, மேலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாதியில்தான் எதைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்தேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பெயர்களை மட்டும் என் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தொகையை எழுதவில்லை. மாலை மணி அடிக்கும் வரை அதுதான் வேலை. அவற்றில் இரண்டு மூன்றை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சிலரை மட்டும் பிடுங்கி எடுத்துக் காட்ட மனம் வரவில்லை.

பென்னன்ட் எழுதிய வரி ஒன்றை ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மாடுகளையும் நீக்ரோக்களையும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதில் தனக்கு விருப்பமில்லை என்று முகவருக்கு எழுதியது. அவரைக் கருணை உள்ளவர் என்று காட்ட ஒரு காலத்தில் இந்த வரி பயன்பட்டிருக்கிறது. இன்று அந்தப் பட்டியல்களைப் பார்த்த பிறகு, அதில் மாடு முதலில் வருவதுதான் எனக்குத் தெரிகிறது.

மூன்றாம் நாள், புதன்

பென்ரின் கோட்டைக்குப் போனேன். 1951 முதல் தேசிய அறக்கட்டளையின் வசம் இருக்கிறது. பார்த்தால் ஆயிரம் வருடத்துக் கோட்டை மாதிரி இருக்கும். உண்மையில் 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர் பழைய பாணியில் கட்டியது. ரிச்சர்டுக்குப் பிள்ளை இல்லை. 1808இல் அவர் இறந்ததோடு பட்டமும் போனது. சொத்து உறவினரான ஜார்ஜ் ஹே டாகின்ஸுக்கு வந்தது. அவர் தன் பெயரோடு பென்னன்ட் என்று சேர்த்துக்கொண்டார். கோட்டை கட்டியது அவர்தான்.

உள்ளே சிலேட்டில் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது, ஒரு டன் எடை. 1859இல் விக்டோரியா மகாராணி இங்கே வந்து தங்கினார். அவருக்காகச் செய்த அந்தக் கட்டிலில் அவர் படுக்க மறுத்துவிட்டார், கல்லறை மாதிரி இருக்கிறதென்று, என ஒரு கதை சொல்கிறார்கள். படிக்கட்டுச் சிற்பம், விருந்து மண்டபம், எல்லாம் பார்த்தேன். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது எஜமானர்களுக்கு. டாகின்ஸ்-பென்னன்டுக்கு, 764 பேருக்காக, 14,683 பவுண்டு 17 ஷில்லிங் 2 பென்ஸ் கிடைத்தது. ரூபாய், அணா, பை கணக்கை எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அணாவுக்கு 12 பை. இங்கே ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக இந்த வகுத்தல் கஷ்டமில்லை. ஒருவருக்கு 19 பவுண்டு 4 ஷில்லிங் சொச்சம்.

அந்த 764 பேருக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. விடுதலையும் உடனே கிடைக்கவில்லை. பயிற்சிக் காலம் என்று பெயர் வைத்து 1838 வரை அதே தோட்டத்தில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள்.

பணம் வாங்கியவர் பெயர் இருக்கிறது, பைசா வரை தொகை இருக்கிறது, எத்தனை பேர் என்பது இருக்கிறது. வங்கியில் இப்படி ஒரு வவுச்சர் என்னிடம் வந்திருந்தால் முதலில் கேட்டிருப்பேன், உரியவர் கையெழுத்து எங்கே என்று.

கோட்டைக்குள் இப்போது ஜமைக்காவைப் பற்றியும் சொல்கிறார்கள், மறைக்கவில்லை. அது நல்ல காரியம். சமையலறை பெரியது, செம்புப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மழை வந்துவிட்டது. சீக்கிரம் திரும்பினேன்.

நான்காம் நாள், வியாழன்

இன்று காப்பகம் போகவில்லை. விடுதி அம்மா காலையில், "பிரபுவின் பக்கத்தைப் பார்த்தீர்கள், எங்கள் பக்கத்தையும் பாருங்கள்" என்றார். அவரே கூட வந்தார்.

பெதஸ்தாவில் வேலி கூட சிலேட்டுதான். ஆள் இடுப்பு உயரத்துக்குக் கல் பலகைகளைக் குத்தி நட்டு, கம்பியால் பின்னியிருக்கிறார்கள். கூரை சிலேட்டு, வாசற்படி சிலேட்டு, கல்லறைக் கல்லும் சிலேட்டு. ஈரத்தில் ஊதா நிறம் தெரிகிறது. கத்தரிக்காய்த் தோலின் நிறம். ஊருக்குத் தெற்கே மலையின் ஒரு பக்கத்தையே காணோம். அதுதான் பென்ரின் குவாரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்திலேயே பெரிய சிலேட்டு குவாரி. ஏறக்குறைய ஒரு மைல் நீளம், 1,200 அடி ஆழம், மூவாயிரம் பேர் வரை வேலை. படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஒரு பகுதியில் இன்னும் கல் எடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் பள்ளத்தின் மேல் கம்பி கட்டி, அதில் தொங்கிப் பறக்கிறார்கள். 2021இல் இந்தச் சுற்றுவட்டார சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊர்க்காரர்கள் சின்னச் சின்னக் குழுவாக வெட்டிக்கொண்டிருந்த மலையை, 1780களில் பென்னன்ட் குத்தகைகளைத் திரும்ப வாங்கித் தன் கைக்குக் கொண்டுவந்தார். 1790இல் கல் ஏற்றத் துறைமுகம், 1801இல் குவாரியிலிருந்து அதுவரை குதிரை இழுக்கும் இருப்புப்பாதை. ஜமைக்காவில் சம்பாதித்த பணம் இங்கே இறங்கியது. முந்தாநாள் பார்த்த பெயர்களின் உழைப்பு இந்த மலையில் எங்கேயோ கலந்திருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

விடுதி அம்மாவின் தம்பி குவாரியில் வேலை பார்த்தவர். வீட்டுக் கொட்டகையில் கல் பிளந்து காட்டினார். புத்தகம் அளவு கனமான கல்லை இடது தொடையில் சாய்த்து நிறுத்திக்கொண்டார். அகலமான மெல்லிய உளியை விளிம்பின் சரி நடுவில் வைத்து, மரச் சுத்தியால் மெல்ல ஒரு தட்டு. இன்னொரு தட்டு. உளியை லேசாகத் திருப்பினார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், கல் இரண்டு ஏடாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக. எப்போதும் நடுவில்தான் பிளக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் கல் ஓடிவிடும் என்றார். பிளந்த பலகையை என் கையில் கொடுத்தார். உள்பக்கம் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. வெட்டிய அளவுகளுக்குப் பெயர்கள் டச்சஸ், கவுன்டஸ், லேடி. டச்சஸ் 24க்கு 12 அங்குலம், கவுன்டஸ் 20க்கு 10, லேடி 16க்கு 8.

கூலி முறையை அவர்தான் விளக்கினார். பாறை முகத்தில் ஆறு கெஜ அகலம் ஒரு குழுவுக்கு. நாலைந்து பேர், பெரும்பாலும் உறவுக்காரர்கள். மாதா மாதம் மேஸ்திரி வந்து பாறையைப் பார்த்துவிட்டு விலை பேசுவார். நல்ல பாறை என்றால் கூலி குறைவு, மோசமான பாறை என்றால் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார். வெடிமருந்து, கயிறு, உளி தீட்டும் செலவெல்லாம் குழுவின் தலையில். வெல்ஷ் மொழியில் இதற்குப் பர்கென் என்று பெயராம். நம் மொழியில் பேரம். ஆனால் அது தங்கள் இடம், தங்கள் பேரம் என்ற கௌரவம் அவர்களுக்கு இருந்தது. நிர்வாகம் அதைக் கைவிட்டு ஒப்பந்தக்காரர்களிடம் பாறையைக் கொடுக்க ஆரம்பித்ததும், தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்ததும்தான் சண்டைக்குக் காரணம்.

1900 நவம்பர் 22. காலையில் குவாரிக்குப் போனவர்களில் சில குழுக்களுக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும், 2,800 பேரும் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்று வருடம் திரும்பவில்லை. அப்போதைய பென்ரின் பிரபு, கோட்டையைக் கட்டியவரின் மகள் வழிப் பேரன், ஜார்ஜ் டக்ளஸ்-பென்னன்ட். ரிச்சர்டோடு போன பட்டம் இதற்குள் குடும்பத்துக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. சங்கத்தோடு பேசவே மாட்டேன் என்று நின்றார். பாடகர் குழுக்கள் இங்கிலாந்து முழுக்கப் போய்ப் பாடிப் பணம் திரட்டி வந்தன. பலர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1901 ஜூனில் குவாரியைத் திறந்தபோது சில நூறு பேர் உள்ளே போனார்கள், ஆளுக்கு ஒரு தங்கப் பவுண்டு பரிசு கிடைத்தது. ஊர் இரண்டாக உடைந்தது. ஒரே தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். 1903 நவம்பரில் எல்லாம் முடிந்தபோது தொழிலாளர் பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை.

மாலை அம்மா தன் குடும்பத்து வேதாகமத்தை எடுத்து வந்தார். நடுவில் ஓர் அட்டை. மஞ்சள் பூத்து, நாலு மூலையிலும் ஊசி குத்திய துளை. ஜன்னலில் வைத்திருந்தது. 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷில் அச்சடித்திருக்கிறது. அவருடைய கொள்ளுத்தாத்தா வீட்டில் வைத்தது. போராட்டம் முடியும் வரை அட்டை ஜன்னலில் இருந்தது, அதன் பிறகு இந்த வேதாகமத்தில். தன் வீட்டில் யாரும் கோட்டையைப் பார்க்கப் போனதில்லை, தானும் போனதில்லை என்றார். நேற்று நான் போய் வந்ததை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சமையலறையைப் பற்றிச் சொன்னேன்.

என் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெயர்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு, அவருடைய உச்சரிப்பில் படித்தார். எல்லாவற்றையும் படித்தார். நான் நடுவில் பேசவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

காலையில் காப்பகத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. சிலேட்டு வியாபாரக் காகிதங்களைப் புரட்டினேன். குவாரிக் கணக்கில் ஒரு பெரும்பகுதி காயர்னார்வன் காப்பகத்தில் இருப்பதால் இங்கே முழுப் படம் கிடைக்காது. 1794இல் யுத்தச் செலவுக்காகச் சிலேட்டின் மேல் அரசாங்கம் போட்ட வரி 1831 வரை நீடித்தது, கட்டட வேலையும் படுத்துவிட்டது. அந்த வருடங்களில் குவாரியும் திணறியது. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. என்றாலும் மனம் செவ்வாய்க்கிழமைக் கட்டுகளிலேயே நின்றுவிட்டது.

ஒரு விஷயம் சொல்லாமல் விடக் கூடாது. இந்தப் பல்கலைக்கழகம் 1884இல் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. பென்ரின் ஆர்ம்ஸ் என்ற பழைய விடுதியில்தான் முதல் வகுப்புகள். அதைத் தொடங்கத் தங்கள் கூலியிலிருந்து வாரா வாரம் காசு கொடுத்தவர்களில் குவாரித் தொழிலாளர்கள் உண்டு. இன்று பிரபுவின் காகிதங்களைக் குளிரும் வெப்பமும் தாக்காமல் பாதுகாத்து வைத்திருப்பது அந்தப் பல்கலைக்கழகம்தான். காலையில் அந்த வாசிப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது, குவாரிக்காரர்களின் காசில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பென்ரின் ஆர்ம்ஸ் விடுதியின் முகப்பு மண்டபம் மட்டும் சாலையோரத்தில் மிச்சம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போர்ட் பென்ரினுக்கு இறங்கி நடந்தேன். கல் ஏற்றிய துறை இப்போது படகுகளோடு அமைதியாக இருக்கிறது. தொழிலாளர்களுக்குக் கட்டிய வட்டமான கழிப்பறை ஒன்று கூட அப்படியே நிற்கிறது. இருப்புப்பாதை போன வழியில் ஆட்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

காப்பக ஊழியர் ஒரு வழி சொன்னார். 1817 முதல் ஜமைக்காவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் வயது இருக்கும், பிறந்தது ஆப்பிரிக்காவிலா ஜமைக்காவிலா என்று இருக்கும், சில இடங்களில் அம்மாவின் பெயரும் இருக்கும்.

ரயிலில் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மூன்று கட்டம் போட்டேன். வயது, பிறந்த இடம், அம்மா பெயர். மகனுக்குப் போன் செய்து, அடுத்த மாதம் கியூவுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.